ஊர் மீட்புக் குழுவுக்கு முதலில் எது: எறிகயிறா, பரிசலா, மோட்டார் படகா?

ஆடிப்பெருக்கு நெருங்கும்போதும் ஐப்பசி மழை பிடிக்கும்போதும் காவிரி, தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் இந்தப் பேச்சு கிளம்பும்: நாமே ஒரு படகு வாங்கிப் போட்டால் என்ன? நன்கொடை தர ஒருவர் முன்வந்திருப்பார். மன்றத்துப் பிள்ளைகளில் நாலைந்து பேருக்கு நல்ல நீச்சல் தெரியும். ஊராட்சியும் கொஞ்சம் சேர்த்துத் தரும். படகு என்றதும் எல்லார் கண்ணிலும் நிற்பது டிவியில் பார்த்த ஆரஞ்சு நிற ரப்பர் படகுதான். அதன் விலையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். விலையைக் கடைசியில் விசாரித்தால் போதும். அதற்கு முன் தீர்க்க வேண்டியவை சில இருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

நேரம். தண்ணீரில் தத்தளிப்பவர் மேல்மட்டத்தில் இருப்பது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள்தான். குழந்தையானால் இருபது வினாடியிலேயே அடங்கிவிடலாம். கூப்பாடு போடுவார், கையை ஆட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வாய் வெளியே வரும் கணத்தில் மூச்சிழுக்கவே நேரம் சரியாக இருக்கும். மூழ்கிவிட்டால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். அதனால் எந்தக் கருவியானாலும் அது கைக்கு வர எத்தனை நிமிடம் என்பதுதான் முதல் கேள்வி.

நீரின் குணம். பாறை இடுக்கில் பாயும் ஆறு வேறு, விரிந்து கிடக்கும் அணை நீர் வேறு, தெருவில் ஏறிய வெள்ளம் வேறு. நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்கால் அளவு தண்ணீர் ஆளைச் சாய்ப்பதும் இரண்டடி வெள்ளம் காரை இழுத்துப்போவதும் இதனால்தான்.

ஆள். செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு ஊரில் இருப்பவர் யார்? ஓசூர், பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய் ஞாயிறு மட்டும் ஊர் திரும்பும் பிள்ளைகளைக் கணக்கில் சேர்த்தால் குழு காகிதத்தில்தான் இருக்கும்.

மூன்றாம் ஆண்டுச் செலவு. வாங்கும் ஆண்டில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும். மூன்றாம் ஆண்டில் பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் பணம் யார் கொடுப்பார் என்பதை இன்றைக்கே எழுதி வையுங்கள்.

இந்த நான்குக்கும் மேலே ஒரு பிரிவினை உண்டு. குளிக்க இறங்கி மூழ்குபவரைக் காப்பது ஒரு வேலை. வெள்ளம் சூழ்ந்த வீட்டிலிருந்தோ ஆற்று நடுத்திட்டிலிருந்தோ ஆட்களைக் கொண்டுவருவது இன்னொரு வேலை. முதலாவது வினாடிக் கணக்கு, இரண்டாவது மணிக் கணக்கு. பூட்டிய அறையில் கிடக்கும் படகு இரண்டாவது வேலைக்கு உதவும். முதல் வேலைக்கு அது வந்து சேரும்போது உடலைத் தேடத்தான் பயன்படும். படகு வாங்கும் பல குழுக்கள் தங்கள் ஊரில் நடப்பது முதல் வகை என்பதை யோசிப்பதே இல்லை.

| | எறிகயிறு, மிதவை | பரிசல் | மோட்டார் ரப்பர் படகு |
|---|---|---|---|
| கைக்கு வர | சில வினாடி, துறையிலேயே இருந்தால் | நீரில் நின்றால் 1–2 நிமிடம் | காற்றடித்துத் தயாராக இருந்தாலும் 10–15 நிமிடம் |
| எட்டும் தூரம் | 15–20 மீட்டர் | அகலம் குறைந்த ஆறு, பின்நீர்க் கரையோரம் | அணை முழுக்க |
| ஆள் | ஒருவர் போதும், இருவர் நல்லது | தேர்ந்த ஓட்டி ஒருவர், உதவிக்கு ஒருவர் | ஓட்டுநர், மீட்பவர் இருவர், கரையில் ஒருவர் |
| கைவிடும் இடம் | மயங்கியவர், அகல நீர் | பெருங்காற்று, கடும் வெள்ளம் | பாறை, முள், ஆகாயத்தாமரை |
| ஆண்டுச் செலவு | மிகக் குறைவு | தார், ஒட்டு. ஓட்டியின் கூலி | தொடர்ந்து வரும், பெரியது |

## எறிகயிறு, மிதவை

பைக்குள் திணித்து வைத்து, தத்தளிப்பவரை நோக்கிப் பையோடு எறியும் கயிறுதான் எறிகயிறு. மலிவானது என்பதால் இதை யாரும் மதிப்பதில்லை. கூட்டம் போட்டு, மாலை மரியாதையோடு திறந்துவைக்க ஒரு கயிற்றுப் பை லாயக்கில்லை. ஆனால் முதல் பணம் இதற்குத்தான் போக வேண்டும்.

கயிறு மிதக்க வேண்டும். பருத்திக் கயிறு, நைலான் இரண்டும் நனைந்ததும் முழுகும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும். கடையில் பிளாஸ்டிக் கயிறு என்று பொதுவாகக் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். ஒரு முழத்தை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். 8 முதல் 10 மி.மீ. தடிமன் வேண்டும். அதற்கும் மெல்லியதானால் ஈரக் கையை அறுக்கும். 20 மீட்டர் நீளம் போதும், எடை ஒரு கிலோவுக்கு மேல் வராது. 30 மீட்டர் வாங்குபவர்களும் கடைசியில் 15 மீட்டருக்குத்தான் குறிபார்த்து எறிகிறார்கள்.

பை தைப்பது சுலபம். முழங்கை நீளத்துக்குக் கெட்டித் துணிப்பை, அடியில் ஒரு துண்டு ஃபோம், வாயில் சுருக்குக் கயிறு. கயிற்றின் ஒரு முனையைப் பையின் அடி வழியாக வெளியே எடுத்து முடிச்சுப் போடுங்கள். மீதியைச் சுருட்டி வைக்கக் கூடாது. சுருட்டினால் பறக்கும்போது சிக்கும். பிடி பிடியாகத் திணித்தால் சிக்காமல் வெளிவரும்.

எறியும்போது மறு முனையைக் கையில் பிடியுங்கள், மணிக்கட்டில் சுற்றாதீர்கள். "கயிறு!" என்று கத்தி அவர் திரும்பிப் பார்த்த பின் எறியுங்கள். பை தலையைத் தாண்டி விழ வேண்டும். அப்போதுதான் கயிறு தோள்மேல் படும். அவர் பிடித்ததும் நீங்கள் உட்கார்ந்து காலை ஊன்றிக்கொள்ளுங்கள். ஓடும் நீரில் நேராக இழுத்துப் போராட வேண்டியதில்லை, பிடித்துக்கொண்டு இருந்தாலே நீரோட்டம் அவரை வளைத்துக் கரைக்குத் தள்ளிவிடும். எங்கே கரை சேர்வார் என்பதை முன்பே பார்த்து வையுங்கள்: கீழே பாறையோ முள்மரமோ இருந்தால் நிற்க வேண்டிய இடம் அதற்கு மேற்பக்கம்.

முதல் எறி தவறினால் மறுபடி திணிக்க நேரமிருக்காது. கயிற்றைக் கையில் பெரிய வளையங்களாகச் சேர்த்து, பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு எறியுங்கள், எடை கிடைக்கும். இதைக் கரையில் ஒரு குடத்தை வைத்துப் பழகினால் ஒரு மாதத்தில் பள்ளிப் பிள்ளைகளும் தேறிவிடுவார்கள்.

மிதவைக்கு வட்ட மிதவை வாங்கலாம், லாரி டியூபும் ஆகும். தண்ணீருக்குள் மனித உடலின் எடை சில கிலோதான், தலையை வெளியே நிறுத்த நாலைந்து கிலோ மிதப்பு இருந்தால் போதும். மூடி இறுகிய வெற்று ஐந்து லிட்டர் கேன்கூட ஒருவரைத் தாங்கும். லாரி டியூபில் மூன்று பேர் தொங்கலாம். ஆனால் வால்வு முகத்தைக் கிழிக்கும், அதன்மேல் துணி சுற்றிக் கட்டுங்கள். லாரிகளும் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவருவதால் நல்ல பழைய டியூப் கிடைப்பது குறைந்துவிட்டது, கிடைக்கும்போதே எடுத்து வைக்கலாம்.

மறைந்திருக்கும் செலவு: வெயில். பாலிப்ரொப்பிலீன் வெயிலில் நைந்துபோகும், துறையில் கம்பத்தில் தொங்கும் கயிறு தொட்டால் பொடியாக உதிர்ந்தால் மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று திருட்டு. மாடு கட்டவும் மூட்டை கட்டவும் ஏற்ற கயிறு எங்கே தொங்கினாலும் நிலைக்காது. கம்பத்துக்கு எதிரே உள்ள டீக்கடைக்காரரிடம் பொறுப்பைக் கொடுப்பதுதான் வழி.

கயிற்றை மீட்பவரின் இடுப்பில் கட்டி ஆற்றில் இறக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். ஓடும் நீரில் கயிறு இறுகினால் அவரைத் தலைகீழாக அமுக்கிப் பிடிக்கும், அவிழ்க்கவும் முடியாது.

## பரிசல்

ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் பரிசல்தான் இது. மூங்கில் பின்னல், அடியில் தார் பூசிய பிளாஸ்டிக் படுதா, ஏழெட்டடி விட்டம். முன் பின் கிடையாது, சில அங்குல ஆழத்தில் மிதக்கும், பாறைமேல் உரசினாலும் போய்விடும், ஒருவர் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு கரையேறலாம். பாறை நிறைந்த காவிரியில் இதற்கு ஈடு வேறு கலம் இல்லை. அடி கிழிந்தால் ஒரு துண்டுப் படுதாவும் காய்ச்சிய தாரும் போதும், மெக்கானிக்கைத் தேட வேண்டாம்.

குறை என்னவென்றால் ஓட்டத் தெரிந்தவர் கையில்தான் அது கலம், மற்றவர் கையில் அது சுற்றும். நீரோட்டத்தை எதிர்த்து ஏறாது. மேட்டூர் பின்நீரில் மாலைக் காற்று பிடித்தால் துடுப்புக்கு அடங்காமல் இழுபடும். வேகம் நடை வேகம்தான்.

மீட்பில் எல்லாரும் தடுமாறுவது ஆளை ஏற்றும் இடத்தில். தத்தளிப்பவர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்குவார், உதவிக்கு உள்ளே இருப்பவரும் அதே பக்கம் குனிவார், பரிசல் சாய்ந்து தண்ணீர் உள்ளே வரும். செய்ய வேண்டியது இது: இரண்டு கை தூரத்தில் நின்று முதலில் டியூபையோ துடுப்பின் நுனியையோ நீட்டுங்கள். டியூபைப் பிடித்துவிட்டால் ஏற்றவே வேண்டாம், அப்படியே கரைக்கு இழுத்து வருவதே நல்லது. ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓட்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து உட்கார வேண்டும். உதவியாளர் முழங்காலிட்டு, தத்தளிப்பவரின் முதுகு பரிசலைப் பார்க்கும்படி திருப்பி, அக்குளில் கைகொடுத்து, இரண்டு முறை சற்றே அமுக்கி எழுப்பி, மூன்றாவது எழும்பலில் பின்னோக்கி இழுக்க வேண்டும். நீரே பாதி எடையைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு பரிசலில் இல்லை, ஓட்டியில். ஆடி 18 போன்ற நாளில் அவர் பயணிகளை ஏற்றிச் சம்பாதிக்க வேண்டியவர். அன்றைக்கு நாள் முழுக்கத் துறையில் காலியாக நிற்கச் சொன்னால் அந்தக் கூலியைக் குழு கொடுத்தாக வேண்டும். இலவசமாக எதிர்பார்த்தால் மதியத்துக்குள் பரிசல் சவாரிக்குப் போயிருக்கும், அவரைக் குறை சொல்லவும் முடியாது. பொருளுக்கென்று பார்த்தால் நிழலில் கவிழ்த்து வையுங்கள், கல்மேல் ஏற்றி வைத்தால் கரையான் அண்டாது, ஆண்டுக்கொரு முறை தார் பூசுங்கள். வெயிலில் கிடந்தால் விளிம்பு மூங்கில் பிளந்து படுதாவைக் குத்தும்.

மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து கூடி, மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிட்டால் அந்தத் தடை மீட்புக் குழுவின் பரிசலுக்கும் பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2018, 2019, 2022, 2024 வெள்ளங்களில் ஒகேனக்கல்லில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் ஓடியது. அந்த நீரில் பரிசலை இறக்குவது இன்னும் இரண்டு பேரை ஆற்றுக்குக் கொடுப்பது.

## மோட்டார் ரப்பர் படகு

நாலரை மீட்டர் படகும் 25 குதிரைத்திறன் இன்ஜினும் இருந்தால் நான்கு பேரோடு மணிக்கு 25–30 கி.மீ. போகலாம். அணையின் நடுவில் மீன்பிடிப் பரிசல் கவிழ்ந்தது, அக்கரையில் ஒருவரைப் பாம்பு கடித்தது, தீவான ஊரிலிருந்து கர்ப்பிணியைக் கொண்டுவர வேண்டும் என்பது போன்றவற்றுக்கு இதுதான் கருவி. பக்கக் குழாய்கள் தனித்தனி அறைகளாக இருப்பதால் ஒன்று போனாலும் மிதக்கும். விளிம்பு தாழ்வு, மெத்தென்றிருக்கும், ஆளை உருட்டி உள்ளே எடுப்பது எளிது.

இனி செலவு. முழு வேகத்தில் மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மி.லி. ஆயில் கலக்க வேண்டும். கலக்க மறந்து ஒரு முறை ஓட்டினால் பிஸ்டன் கடித்து நின்றுவிடும். இப்போது பங்குகளில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கார்புரேட்டரில் படிந்து அடைக்கும். வெள்ளம் வரும் நாளில் இன்ஜின் கிளம்பாமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். ஓட்டி முடித்ததும் பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட வேண்டும். டாங்கில் மிச்சத்தை இரு சக்கர வண்டிக்கு ஊற்றிவிடாதீர்கள், அதில் ஆயில் இருக்கிறது.

மாதம் ஒரு முறை தண்ணீரில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இன்ஜினின் பக்கவாட்டில் சின்னத் துளையிலிருந்து பென்சில் கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது வராவிட்டால் குளிர்விக்கும் நீர் ஏறவில்லை, உடனே நிறுத்துங்கள். வண்டலோ ஆகாயத்தாமரை வேரோ உறிஞ்சு வாயை அடைத்திருக்கலாம், அல்லது உள்ளே அந்த நீரை ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம். இன்ஜினைத் தரையில் வைத்துத் தண்ணீரின்றி ஓட்டிக் காட்டியே பலர் இம்பெல்லரைக் கெடுத்துவிடுகிறார்கள்.

சீமைக் கருவேலம் அடுத்த எதிரி. அணையில் நீர் ஏறும்போது கரையோரக் கருவேலங்கள் முழுகி, முள் நுனி மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்கும். அங்கே படகைக் கொண்டுபோனால் பஞ்சர் நிச்சயம். ஒட்டுத் துணி, பசை, கைப்பம்ப் படகிலேயே இருக்க வேண்டும். அறையில் மடித்து வைத்தால் எலி கடிக்கும், வெயிலில் விட்டால் பி.வி.சி. வெடிக்கும்.

இயந்திரம் பொருத்திய படகு 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின் வரம்புக்குள் வரும். பதிவும் சான்றும் வேண்டும். அணை நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கிறது, காவிரிக் கரையில் பல இடம் வனத்துறையின் பொறுப்பில். வாங்குவதற்கு முன்பே எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

1824-இல் தொடங்கிய பிரிட்டனின் ஆர்.என்.எல்.ஐ. தன்னார்வ மீட்பு அமைப்பைப் பலர் உதாரணம் காட்டுவார்கள். அங்கே கரையோர வேலைக்கு வைத்திருப்பது 5 மீட்டர் ரப்பர் படகுதான், 50 குதிரைத்திறன். ஓட்டுபவர்கள் தன்னார்வலர்கள். ஆனால் அழைப்பு வந்தால் நிமிடங்களில் ஓடிவரும் தூரத்தில் வசிப்பவர்கள், முறையாகப் பயிற்சிக்கு வருபவர்கள். படகைக் கவனிக்கவும் தனியாக ஆள் உண்டு. நாம் காப்பியடிக்க வேண்டியது படகை அல்ல, அந்த ஏற்பாட்டை.

துடுப்பு ஃபைபர் படகைப் பற்றியும் கேட்பார்கள். ஏரிக்கு நல்லது, முள்ளுக்கு அஞ்சாது. கனம் அதிகம், பாறையில் விரிசல் விடும். பரிசல் ஓட்டி கிடைக்காத ஏரிக்கரை ஊர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கலாம்.

## எந்த ஊருக்கு எது

ஊட்டமலை, ஒகேனக்கல் பக்கம்: எறிகயிறு ஒவ்வொரு குளிக்கும் துறையிலும், கூட்ட நாளில் கூலிக்கு ஒரு பரிசல். மோட்டார் வேண்டாம், பாறை ப்ரொப்பெல்லரைத் தின்றுவிடும்.

நாகமரை, ஒட்டனூர் போன்ற மேட்டூர் பின்நீர்க் கரைகள்: அணை நிரம்பினால் அக்கரை வெகு தூரத்துக்குப் போய்விடும். மோட்டார் படகுக்கு உண்மையான நியாயம் இருக்கும் இடங்கள் இவைதான், அதுவும் நாலைந்து ஊர் சேர்ந்து ஒன்று வாங்கினால். ஏற்கெனவே ஆள் ஏற்றும் படகுக்காரர்கள் இருந்தால் புதுப்படகு வாங்குவதைவிட அவர்கள் படகில் மீட்புச் சாமான் வைப்பது புத்திசாலித்தனம்.

தென்பெண்ணையில் நெடுங்கல், ஈச்சம்பாடி அணைக்கட்டுகள், அனுமன்தீர்த்தம், இருமத்தூர்த் துறைகள்: இங்கே இரண்டு ஆபத்து. கிருஷ்ணகிரி அணையில் ஷட்டர் திறந்தால் உள்ளூரில் மழையே இல்லாமல் நீர் ஏறும். 2017 நவம்பரில் அந்த அணையின் ஷட்டர் ஒன்று உடைந்ததை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். மற்றது அணைக்கட்டின் அடிவாரம். வழிந்து விழும் நீர் அடியில் போய், மேலே திரும்பி, சுவரை நோக்கியே ஓடும். அதில் அகப்பட்டவர் வெளியே வரமாட்டார், கீழிருந்து நெருங்கும் பரிசலையும் படகையும் சேர்த்து உள்ளே இழுக்கும். நுரை கொப்பளிக்கும் கோட்டுக்குக் கீழ்ப்பக்கமே நின்று கரையிலிருந்து கயிறு எறிவது ஒன்றுதான் வழி. இந்த ஊர்களுக்கு எந்தப் படகும் வேண்டாம்.

ஊத்தங்கரை போன்ற நகரத்துத் தாழ்வுகள்: 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலில் அங்கே ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பெய்து, நிறுத்தியிருந்த வண்டிகளே அடித்துச் செல்லப்பட்டன. தெரு வெள்ளத்தில் இன்ஜின் உபத்திரவம்: கம்பிவேலி, சாக்கடைக் குழி, மிதக்கும் துணி. இன்ஜின் இல்லாத ரப்பர் படகையோ பரிசலையோ முன்னும் பின்னும் கயிறு கட்டி நான்கு பேர் நடத்திக்கொண்டு போவதுதான் வேலைக்காகும். முன்னால் போகிறவர் கையில் நீளக் கழி, தரையைக் குத்திப் பார்க்க. மின்சாரம் துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் இறங்கக் கூடாது.

விவசாயக் கிணறும் கல்குவாரிக் குட்டையும் உள்ள ஊர்கள், அதாவது தர்மபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டத்திலும் ஏறக்குறைய எல்லா ஊரும்: ஒரு டியூப், 30 மீட்டர் கயிறு, நூலேணி. கிணற்றுக்குள் டீசல் இன்ஜின் ஓடியிருந்தால் விஷக்காற்று நிற்கும், காப்பாற்ற இறங்குபவரும் மயங்கி விழுவார். தீயணைப்புத் துறை வரட்டும்.

## எதை வாங்கினாலும் கூடவே

லைஃப் ஜாக்கெட் ஆறு, மீட்பவர்களுக்கு. தெர்மோகோல் துண்டு வைத்துத் தைத்தவை சீக்கிரம் நொறுங்கும். ஃபோம் தாள் அடுக்கியதாக வாங்குங்கள். இடுப்பளவு நீரில் போட்டுக்கொண்டு, காலைத் தூக்கிப் பின்னால் சாய்ந்து பாருங்கள். வாய் நீருக்கு மேலே நிற்க வேண்டும், ஜாக்கெட் காதுவரை ஏறக் கூடாது. குழந்தைக்குத் தொடை நடுவே போகும் பட்டை கட்டாயம். பரிசலில் ஜாக்கெட்டை மடித்து ஆசனமாகப் போட்டு உட்கார்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்படி நசுங்கிய ஃபோம் மிதப்பை இழந்துவிடும்.

விசில், தலையில் கட்டும் டார்ச், நுனியில் கொக்கி வைத்த பன்னிரண்டடி மூங்கில் கழி. 112, 108, மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 மூன்றும் கம்பத்தில் பெயின்ட்டில் எழுதியிருக்கட்டும்.

கரைக்கு வந்தவரைத் தோளில் போட்டுச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் வேண்டாம், வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குப் போகும். மூச்சில்லை என்றால் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்து, வாய்வழி ஐந்து மூச்சு. பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறி. பெரியவருக்கு ஐந்தாறு செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து வாங்கிக்கொள்ளும்வரை நிறுத்தக் கூடாது. ஒருவர் இரண்டு நிமிடத்தில் களைத்துவிடுவார் என்பதால் இருவர் மாறிக்கொள்ளுங்கள். இதைப் பொம்மை வைத்துப் பழக, தாலுகா தீயணைப்பு நிலையத்தில் ஒரு ஞாயிறு கேட்டு வாங்குங்கள், மன்றத்தார் மட்டுமின்றி டீக்கடைக்காரரையும் பரிசல் ஓட்டியையும் கூட்டிக்கொண்டு.